சத்தக்காரியும் ஒன்பதாம் கல்லும்

2022 ஜனவரியில் 214. அடுத்த வருடம் 131. அதற்கடுத்த வருடம் 58. 2025 ஜனவரியில் 17.

இந்த நான்கு எண்களும் மம்சாபுரத்தில் மாரீஸ்வரி வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலே கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி, கீழே மகளின் போன் நம்பர். நடுவில் இருப்பது ஒரு செடியின் தலைக்கணக்கு. அந்தச் செடியைக் காப்பதுதான் மாரீஸ்வரியின் வேலை. காக்கக் காக்க அது குறைந்துகொண்டே போகிறது. ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.

மாரீஸ்வரிக்கு வயது நாற்பத்தேழு. கணவர் பாண்டிதுரை ராஜபாளையத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகளைச் சேத்தூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இந்தக் காவல் வேலைக்கு வருமுன் மாரீஸ்வரி செய்தது தீக்கோடு வேலை. கோடை பிறந்தால் மலையடிவாரத்தில் புல் பற்றிக்கொள்ளும். தீ காட்டுக்குள் ஏறாமலிருக்க, தை மாதத்திலேயே ஒரு பஸ் போகும் அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, காயவைத்து, காற்றில்லாத காலையில் ஆள் நிறுத்தி எரித்து, தரையை மொட்டையாக்கி விடுவார்கள். அந்த மொட்டைப் பட்டைதான் தீக்கோடு. நூறு மீட்டருக்கு ஒரு நம்பர் கல் நட்டிருக்கும். மாரீஸ்வரி பதினேழு வருடம் அந்தக் கோட்டை வெட்டியவர்.

வெறும் வெட்டும் ஆள் இல்லை. பன்னிரண்டு பெண்கள் வரிசையாகப் போனால் முதல் ஆள் அவர்தான். காரணம் அவருடைய காது. ஐம்பதடிக்கு அப்பால் காட்டுமாடு மூச்சு விட்டால்கூடக் கேட்டுவிடும். கையைத் தூக்கினால் பதினோரு அரிவாளும் அந்தரத்தில் நிற்கும். இரண்டு முறை யானை, ஒரு முறை குட்டியோடு கரடி. மூன்று முறையும் எல்லோரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

முதல் ஆளுக்கு ஒரு விதி உண்டு. எந்த அதிகாரியும் எழுதிக் கொடுத்ததல்ல, வேலை செய்கிறவர்களே வைத்துக்கொண்டது. சத்தம் போடும் செடியை முதலில் வெட்ட வேண்டும். ஆறாம் கல் பக்கம் செஞ்சரளை மண்ணில் இடுப்புயரத்துக்கு ஒரு செடி நிற்கும். இலையில் வெள்ளி முடி. கார்த்திகையில் மஞ்சளாக, பட்டாணிப் பூ மாதிரி பூக்கும். தை வந்ததும் காய்கள் ஊதிக் காய்ந்து, உள்ளே விதை உருண்டு, இலேசான காற்றுக்கே சலசலக்கும். அந்தச் சலசலப்பில் பின்னால் யானை வந்தாலும் தெரியாது. அதனால் முதல் வெட்டு அதற்குத்தான். பெண்கள் அதற்கு வைத்த பெயர் சத்தக்காரி.

2022 ஜனவரி 19, புதன்கிழமை. பொங்கல் முடிந்து முதல் வாரம். காலையிலிருந்து மாரீஸ்வரி நாற்பது சத்தக்காரிகளைச் சாய்த்திருந்தார். நாற்பத்தொன்றாவதற்கு அரிவாளை ஓங்கினார்.

"நிறுத்துங்க! அக்கா, நிறுத்துங்க! தொடாதீங்க!"

பன்னிரண்டு பேரும் அப்படியே குத்தவைத்துவிட்டார்கள். யானை என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. சரிவில் கழுத்தில் கேமராவோடு ஓர் ஆள் விழுந்தடித்து ஓடி வந்தார். வரிசையில் இரண்டாவதாக இருந்த சுடலையம்மாள்தான் முதலில் எழுந்தார். அவருடைய வாய்க்கு வனத்துறையே பயப்படும் என்று ஒரு பேச்சு உண்டு.

"ஏலே, எதைக் கண்டே? ஆனையா, கரடியா?"

"செடி" என்றார் வந்தவர் மூச்சு வாங்க.

"செடியா! செடி துரத்தியா இந்த ஓட்டம் ஓடியாறே?"

அவர் ஜெபக்குமார். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறார். இந்தச் செடியை அறுபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பார்த்து எழுதியதோடு சரி, பிறகு கண்ணில் கண்டவர் இல்லை என்றார். பட்டாணிக் குடும்பமாம், இந்த மலையைத் தவிர வேறெங்கும் கிடையாதாம்.

"பட்டாணின்னா சுண்டல் போடலாமா சார்?" சுடலையம்மாள் கேட்டார்.

"வேண்டாம்க்கா, விஷம்."

"தின்னவும் முடியாது, அடுப்பெரிக்கவும் விட மாட்டேங்கீக. பொறவு எதுக்கு இம்புட்டுப் பாடு?"

ஜெபக்குமார் நோட்டை எடுத்தார். நின்ற செடிகளை எண்ணினார். 214. வெட்டிக் கிடந்ததைப் பார்த்து முகம் சுண்டிப்போனது. "இந்த இடத்துல இனிமே வெட்டவும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். வெட்டினது அப்படியே கிடக்கட்டும். நாளைக்கு வந்து அளந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் ஒரு பிசகு நடந்தது. தீக்கோட்டில் வெட்டிய குப்பை கிடக்கக் கூடாது. தரையில் கிடக்கும் காய்ந்த குப்பைதான் நெருப்புக்குப் பாலம். பதினேழு வருடமாகக் கைக்குப் பழகிப்போன விஷயம் அது. சாயங்காலம் திரும்பும்போது மாரீஸ்வரியின் கை தானாகவே அந்த நாற்பதையும் அள்ளிக் கொடிபோட்டுக் கட்டியது. அங்கே நெருப்பு வைக்கக் கூடாது என்றுதானே சார் சொன்னார்? தலையில் தூக்கிக்கொண்டு முந்நூறு மீட்டர் நடந்து, மூன்று பக்கமும் பாறை இருக்கும் ஒன்பதாம் கல்லில் கொட்டினார். வழியெல்லாம் தலைக்கு மேல் சலசலவென்று சத்தம். மறுநாள் காலை ஆறரைக்கு, அங்கே ஏற்கெனவே காய்ந்து கிடந்த குப்பையோடு சேர்ந்து அந்தக் குவியல் எரிந்து முடிந்தது.

ஒன்பது மணிக்கு ஜெபக்குமார் வந்தார். கூடவே வனவர் தங்கப்பாண்டியன், இடுப்பில் பெல்ட், கையில் வாக்கிடாக்கி.

"வெட்டிக் கிடந்த செடி எங்கம்மா?" என்று அதட்டினார் தங்கப்பாண்டியன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. "தெரியல சார். ராத்திரி காட்டுமாடு தின்னுருக்கும்."

ஜெபக்குமார் நோட்டை எடுத்து எழுதினார். மாடு தின்கிறது. விஷச் செடியையா? "ஆச்சரியமா இருக்கே" என்றவர், எதிரில் நின்ற மாரீஸ்வரியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

மாடு தின்றால் என்ன செய்வது? வேலி போடுவது. மார்ச் மாதத்துக்குள் ஆறாம் கல்லை ஒட்டி ஐம்பது மீட்டருக்குக் கம்பிவேலி வந்துவிட்டது. கேட், பூட்டு, போர்டு. தீக்கோடு அந்த இடத்தில் வளைந்து கீழே இறங்கிப் போனது. காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது, செடியை நன்றாகத் தெரிந்தவர் என்று ஜெபக்குமாரே மாரீஸ்வரியின் பெயரைச் சொன்னார். காக்கிச் சட்டை, சாவி, வருடம் முழுவதும் வேலை. அரிவாளைச் சுடலையம்மாளிடம் கொடுத்துவிட்டு மாரீஸ்வரி வேலிக்குள் போனார்.

"போட்டீ, போ. சத்தக்காரிக்குத் தாலாட்டுப் பாடு" என்றார் சுடலையம்மாள். "நாங்க வெயில்ல சாவுதோம்."

குறையில்லாமல்தான் பார்த்துக்கொண்டார். ஆடு அண்டவில்லை, மாடு அண்டவில்லை. ஒரு குச்சி ஒடியவில்லை. முதல் வருடம் 131 என்று எண்ணி முடித்ததும் ஜெபக்குமார் மழை சரியில்லை என்றார். இரண்டாம் வருடம் மழை கொட்டித் தீர்த்தது, 58 என்றது கணக்கு. மழை அதிகம் என்றார். வேலிக்குள் புல் மட்டும் ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. பழைய செடிகள் நின்ற வாக்கில் காய்ந்தன, புதிதாய் ஒன்றும் முளைக்கவில்லை. மாரீஸ்வரி தண்ணீர் சுமந்து ஊற்றிப் பார்த்தார். வேப்பம் புண்ணாக்கு கரைத்து ஊற்றினார். மகாராஜபுரத்துக்குப் போய் ஒரு சாமியிடம் குறிகூடக் கேட்டார். "வேலிக்கு உள்ளே பார்க்காதே" என்றது சாமி. வேலிக்காவலுக்குச் சம்பளம் வாங்குகிறவர் வேறு எங்கே பார்ப்பது? குழம்பிப்போய் பஸ் ஏறினார்.

2025 நவம்பர் கடைசியில் தங்கப்பாண்டியன் வேலிக்கு வந்தார். அன்று உள்ளே இருந்தவை ஆறே ஆறு.

"மாரீஸ்வரி, ஜனவரிக் கணக்கு பத்துக்குக் கீழ போச்சுன்னா நான் மேல எழுதித்தான் ஆகணும். வேலி கிழியல. பூட்டு உடையல. சாவி உங்கிட்ட மட்டும்தான் இருக்கு. வேரைப் பிடுங்கி மருந்துக் கடைக்கு வித்துட்டாள்னு எவனாவது கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"சார், எம் மக மேல ஆணையா நான் ஒண்ணைத் தொடல."

"நான் நம்புதேன். காகிதம் நம்பணுமே."

ஊரில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. செடி விற்றவள் என்று கடையில் ஒருத்தி முணுமுணுத்தது, காட்டுமாட்டின் மூச்சையே கேட்கும் அந்தக் காதில் விழாமலா இருக்கும்?

டிசம்பர் இரண்டாம் வாரம். தீக்கோடு வேலைக்கு முன்னால் கல் நம்பர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் குறைந்தது. மாரீஸ்வரியையும் சுடலையம்மாளையும் அனுப்பினார்கள். ஏழாம் கல், எட்டாம் கல் என்று அடித்துக்கொண்டே போனார்கள். ஒன்பதாம் கல்லுக்குப் பத்தடி இருக்கும்போது மாரீஸ்வரி கையைத் தூக்கினார். பழக்கத்தில் சுடலையம்மாளும் உறைந்து நின்றார்.

"என்னட்டி, ஆனையா?"

"இல்ல. கேளு."

சலசல. சலசல. காய்க்கும் பருவம் இன்னும் முழுசாக வரவில்லை, முன்கூட்டியே காய்ந்த சில காய்கள்தான். பாறையைச் சுற்றி மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. மாரீஸ்வரி சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு முறை எண்ணினார். 83.

"இது எப்ப வந்துச்சு?"

"இதுவா? ரெண்டு மூணு வருசமாக் கெடக்கு. தையில சத்தம் போடும், வெட்டிப் போட்டு எரிச்சிட்டுப் போவோம். மறுவருசம் பாத்தா இன்னுங் கூட நிக்கும், சனியன்."

"மதினி, இதுதானே அந்தச் செடி! ஏன் எங்கிட்டச் சொல்லல?"

சுடலையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "நல்லாயிருக்கே கதை! கெவுருமெண்டு செடி வேலிக்குள்ள இருக்கு. அதுக்குப் பூட்டு இருக்கு, போர்டு இருக்கு, காவலுக்கு நீ இருக்கே. இது வெளிய கெடக்குற செடி. இது எப்படி அதுவாகும்?"

மாரீஸ்வரி பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். இந்த இடத்தில்தான் அந்த நாற்பதையும் கொட்டினார். காயோடு, விதையோடு. இங்கேதான் எரித்தார்கள். பிறகு வருடாவருடம் வெட்டினார்கள், எரித்தார்கள். வெட்டி எரித்த இடத்தில் எண்பத்து மூன்று. தண்ணீர் ஊற்றி, புண்ணாக்குப் போட்டு, பூட்டிக் காத்த இடத்தில் ஆறு. அப்படியானால் நான்கு வருடமாக அவர் செய்துகொண்டிருந்ததற்குப் பெயர் என்ன? அதற்கு முன் பதினேழு வருடம் வெட்டினாரே, அதற்குப் பெயர் என்ன?

வீட்டுக்கு வந்ததும் பாண்டிதுரையிடம் சொன்னார். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"செடி நல்லாத்தானே இருக்கு? வாயை மூடிக்கிட்டு இரு."

"இருந்தா ஆறுதான்னு எழுதுவாக. நான் வித்துட்டேன்னு ஆகும்."

"அப்பொ ஒம்பதாங்கல்லுல இருக்குன்னு சொல்லு."

"எப்படி வந்துச்சுன்னு கேப்பாக. நான் தூக்கிட்டுப் போனதைச் சொல்லணும். மாடு தின்னுச்சுன்னு பொய் சொன்னதைச் சொல்லணும். அந்தப் பொய்யை நம்பித்தான் வேலியே போட்டாக."

பாண்டிதுரை ரசத்தை ஊற்றிக்கொண்டார். "அப்பொ சொல்லாதே."

"சொல்லாட்டா தையில வெட்டிருவாக."

"வெட்டினாத்தான் நல்லா வருதுங்கியே?"

"அதுதான் எனக்குத் தெரியலங்கேன்! வெட்டினதாலயா, எரிச்சதாலயா, பாறையாலயா? எம்பத்து மூணையும் வெட்டிப்போட்டு, அடுத்த வருசம் ஒண்ணுமே வரலன்னா? சொன்னா அங்கயும் வேலி போடுவாக. அதுவும் செத்துப்போச்சுன்னா?"

பாண்டிதுரை கையைக் கழுவ எழுந்தார். "எனக்கு வண்டிக்கு டயர் மாத்தவா வேண்டாமான்னு கேளு, சொல்லுதேன். இதெல்லாம் நமக்கு ஆகாது."

இருபது நாள் இப்படிப் போனது. ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று கிளம்புவார், ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலக வாசலில் தங்கப்பாண்டியனின் பைக்கைப் பார்த்ததும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார். இன்னொரு நாள் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துவிட்டு, ஒன்பதாம் கல்லுக்குப் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு செடியாகப் பார்ப்பார். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் கழிந்தால் அரிவாள் வந்துவிடும்.

2026 ஜனவரி 8, வியாழக்கிழமை. ஜெபக்குமார் எண்ணிக்கைக்கு வந்தார், தங்கப்பாண்டியன் காகிதத்தோடு வந்தார். எண்ண நேரமே ஆகவில்லை. ஆறில் ஒன்று அதற்குள் காய்ந்திருந்தது.

"அஞ்சு" என்றார் ஜெபக்குமார். புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எல்லாம் சரியாத்தானே செஞ்சோம்."

தங்கப்பாண்டியன் பேனாவின் மூடியைத் திறந்தார். மாரீஸ்வரி கழுத்தில் தொங்கிய வேலிச் சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"சார், அன்னிக்கு மாடு திங்கல."

"என்னைக்கும்மா?"

"நாலு வருசத்துக்கு முன்ன. வெட்டிக்கெடந்த நாப்பதையும் நான்தான் தூக்கிட்டுப் போய் எரிச்சேன். கோட்டுல குப்பை கெடக்கக் கூடாதில்ல, பழக்கம். நீங்க அதட்டுனீகளா, பயத்துல மாடுன்னுட்டேன்."

தங்கப்பாண்டியனின் முகம் சிவந்தது. "ஏம்மா, அந்த மாட்டுக்குத்தானே இந்த வேலியே போட்டது! நாலு வருசம்! என்னன்னு எழுத நான்?"

"எழுதுங்க சார். அதுக்கு முன்ன எங்கூட ஒரு எட்டு வாங்க."

மூவரும் முந்நூறு மீட்டர் நடந்தார்கள். ஒன்பதாம் கல்லை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. இந்த முறை மாரீஸ்வரி காதைத் தீட்ட வேண்டியிருக்கவில்லை, எண்பத்து மூன்றும் காய்ந்து கலகலத்தன. ஜெபக்குமார் கேமராவை எடுக்க மறந்து நின்றார். பிறகு மண்டியிட்டு, மண்ணைக் கிளறி, கரியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு செடியின் அடியில் பழைய வெட்டுத் தூர், அதிலிருந்து மூன்று கிளை.

"வருசாவருசம் வெட்டினாங்களா?"

"ஆமா சார்."

"எரிச்சாங்களா?"

"ஆமா."

"எனக்குப் புரியலக்கா" என்றார் ஜெபக்குமார். தாவரவியல் வாத்தியார் வாயிலிருந்து அதைக் கேட்டதும் மாரீஸ்வரிக்கு என்னமோ போல் இருந்தது. இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "கெட்டித் தோல் விதை. சூடு பட்டா முளைக்கலாம். மறைக்கிற புல் இல்லாம வெளிச்சம் கிடைச்சதால இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது."

தங்கப்பாண்டியனுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "முதல்ல இதைச் சுத்தி வேலியைப் போட்டுருவோம்."

"வேண்டாம் சார்!" மாரீஸ்வரியின் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "வேலிக்குள்ள என்னாச்சுன்னு பாத்துட்டுத்தானே வாரோம்?"

"பின்ன, அரிய செடியை வெட்டுன்னு நான் உத்தரவு போடவா? எம் பேரு பேப்பர்ல வரணுமா?"

"வெட்டச் சொல்லவும் எனக்குத் தெரியல சார். வேண்டாம்னு சொல்லவும் தெரியல. அதுக்குத்தான் உங்க ரெண்டு பேரையும் கூட்டியாந்தேன்."

காற்று வரும்போதெல்லாம் செடிகள் சலசலத்தன. ஜெபக்குமார் ஒரு வழி சொன்னார். ஒன்பதாம் கல்லில் கயிறு கட்டிப் பாதியாகப் பிரிப்போம். ஒரு பாதியை வழக்கம்போல் வெட்டி, எரிப்போம். மறு பாதியைத் தொட வேண்டாம். ஆறாம் கல்லில் வேலியின் ஒரு பாதியைக் கழற்றி, அங்கேயும் புல்லை வெட்டி எரிப்போம், விதை ஏதும் மண்ணில் உயிரோடு இருந்தால் தெரியும். அடுத்த ஜனவரியில் எண்ணுவோம்.

"தப்பாப் போச்சுன்னா?" என்றார் தங்கப்பாண்டியன்.

"பாதிதான் போகும்."

தங்கப்பாண்டியன் பேனாவை மூடினார். பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மாரீஸ்வரி நடந்தது அத்தனையும் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும், காவல் வேலை அதோடு முடிந்தது என்றார். சாவி ஏற்கெனவே தங்கப்பாண்டியன் கையில் இருந்தது. காக்கிச் சட்டையையும் திருப்பித் தர வேண்டும்.

அன்று சாயங்காலம் மாரீஸ்வரி சுடலையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"மதினி, எம் அரிவாளைக் கொடு."

"என்னட்டி, வேலிக்குள்ள இருந்து வெரட்டிட்டாகளா?"

"ஆமா."

"வா, வா. நாலு வருசமா உங்காது இல்லாம பயந்து செத்தோம்." சுடலையம்மாள் பரணிலிருந்து அரிவாளை எடுத்துத் துடைத்தார். "சத்தக்காரியை இந்த வருசம் வெட்டணுமா, கூடாதா? அதைச் சொல்லு மொதல்ல."

"பாதியை வெட்டணும்."

"பாதியா? எந்த ஊரு வழக்கம் இது?"

மாரீஸ்வரி அரிவாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அலமாரிக் கதவில் 17க்குக் கீழே 5 என்று எழுதியிருக்கிறார், அதன் பக்கத்தில் 83. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.

வெட்டு வேலை ஜனவரி 19, திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. முதல் ஆள் மாரீஸ்வரி.